ஓர் இடம் தள்ளி

கடிதம் வந்தபோது கரிசல் மாவட்டமே தூங்கிக்கொண்டிருந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தது. சித்திரை வெயிலில் ரோட்டுத் தார் இளகி ஓரமாக வழிந்துகொண்டிருந்தது. தெருவில் ஈ காக்காய் கிடையாது. பங்குனி முடிவதற்குள் ஊர்ச்சனம் மொத்தமும் துயிற்கூடங்களில் போய்ப் படுத்து, குளிரில் விறைத்துக் கண்ணை மூடிவிடும். ஆடி முதல் மழை விழுந்த பிறகுதான் எழுப்புவார்கள். முன்பெல்லாம் கோடைக்குக் கோடை சனம் கொத்துக்கொத்தாகச் செத்தது. கோடைத்துயில் வந்த பிறகு யாரும் சாகவில்லை. வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு வாழவும் இல்லை.

இந்த மாதங்களில் விழித்திருந்து காவல் பார்ப்பவர்களுக்கு விழிப்பர் என்று பெயர். சுவருக்குள் சுவர் கட்டிய குளிர்க் கூடத்துக்குள்ளேயே அடைந்து கிடப்பார்கள். நான்காம் துயிற்கூடத்தின் மேற்குச் சிறகுக்கு விழிப்பர் சந்தனமாரி. கடிதம் அவள் கையில் இருந்த திரையில்தான் வந்து விழுந்தது, மகள் நிறைமதி பெயருக்கு. மேல்மலைக் கல்வியகத்தில் இடம் கேட்டு எழுதியிருந்தாளே, அதற்குப் பதில். வைகாசி பௌர்ணமிக்கு மறுநாள் நேர்முகத் தேர்வு, நேரில் வர வேண்டும், வேறு தேதி கிடையாது.

"அடப் பாவிகளா!" என்று வாய்விட்டே கத்தினாள் சந்தனமாரி. மேலே குளுகுளு என்று இருப்பவனுக்குக் கீழே கிடப்பவன் தூங்குகிறானா, தொலைந்தானா என்று என்ன கவலை? மேல்மலைக்குப் போய்விட்டால் கோடை கிடையாது, துயில் கிடையாது. பன்னிரண்டு மாதமும் விழித்திருந்து வாழலாம். மூன்று வருஷமாக அந்த ஓர் இடத்துக்காகத்தான் பிள்ளை படித்தாள். அவளோ இப்போது மேற்கு, உடல், நூற்றுப் பதினெட்டு.

அப்படித்தான் அங்கே சொல்வார்கள். துயில்பவர்கள் எல்லோரும் பேரடுக்கு என்ற ஒரே பெரிய அமைப்புக்குள் இருந்தார்கள். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி. மேலே இருப்பவை பெயர்ப்பேழைகள். பெயர் சொன்னால் திறக்கும். கரிசல் என்றால் மாவட்டம் திறக்கும், நான்கு என்றால் கூடம், மேற்கு என்றால் சிறகு. சிறகுக்குள் போனதும் ஆட்களின் பெயருக்கு வேலையில்லை. அங்கே இருப்பவை இரண்டே இரண்டு எண்வரிசைகள். ஒன்று உடல், இன்னொன்று நினைவு. குளிர் உடம்புக்கு நல்லது, நினைவுக்கு ஆகாது. அதனால் விறைக்க வைக்குமுன் ஆளின் நினைவைக் கண்ணாடிச் சுருளில் இறக்கி வெதுவெதுப்பான அறையில் வைத்துவிடுவார்கள். உடல் வரிசையில் நூற்றுப் பதினெட்டாவது இடத்தில் படுத்தவளின் சுருள், நினைவு வரிசையில் நூற்றுப் பதினெட்டாவது இடத்தில் இருக்கும். முதலிலிருந்து எண்ணிப் போக வேண்டும். ஆடி மழை விழுந்ததும் எழுப்பி என்ற பொறி, உடலையும் அதே எண்ணுள்ள சுருளையும் சேர்த்து வைத்து, சிறகு முழுவதையும் ஒரே மூச்சில் எழுப்பிவிடும்.

ஏன், ஆள் பெயரிலேயே உடம்பையும் சுருளையும் ஒரே பேழையில் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். ஆதியில் அப்படித்தான் வைத்தார்கள். நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? இன்னார் மகனைக் கடைசியில் படுக்க வை, இன்னாருடைய மச்சானை முதலில் எழுப்பு என்று சிபாரிசுமேல் சிபாரிசு. ஒரு வருஷம் கலவரமே ஆனது. அதன் பிறகுதான் பெயரை எடுத்துவிட்டு எண்ணைப் போட்டார்கள். யார் எங்கே கிடக்கிறார் என்று தெரிந்தால்தானே சலுகை காட்ட முடியும்?

நல்ல ஏற்பாடுதான். ஆனால் சந்தனமாரி தன் மகளைத் தன் கையாலேயே படுக்க வைத்தவள். எண் அவளுக்கு மனப்பாடம்.

தலைமைக் கண்காணி ஜெயசீலனிடம் போனாள்.

"முடியாதும்மா," என்றார் அவர், திரையைப் பார்க்காமலே. "நடுவுல ஒருத்தர எழுப்புறதுன்னா காரணம் எழுதணும். மகளுக்கு இன்டர்வியூன்னு எழுதினா என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாக."

"சார், ஒரே பிள்ள சார். இந்த வருஷம் விட்டா வயசு தாண்டிரும்."

"எல்லாருக்கும் பிள்ள இருக்கு."

சந்தனமாரி அன்றைக்கே தலைநகரத்தின் குளிர்கோபுரத்தில் இருந்த ஒரு பெரியவரைத் திரையில் பிடித்தாள். கணவர் வழியில் தூரத்துச் சொந்தம். கட்சியில் செல்வாக்கான ஆள். அவர் ஒரு வார்த்தை சொன்னார். மறுநாள் ஜெயசீலனே அவளைத் தேடி வந்தார். முகம் மட்டும் வேப்பங்காயாக இருந்தது.

"முறைப்படி எடுத்தா ரெண்டு வரிசையிலயும் சேத்து எடுக்கும், பதிவும் ஆயிரும். அதனால பொறிக்கிட்டச் சொல்லாதீக. பழுது பாக்குற கதவத் திறந்து கையால வெளிய எடுங்க. காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிரணும். எனக்கு ஒண்ணும் தெரியாது."

பழுதுக் கதவைத் திறந்தவன் இன்னொரு விழிப்பன் துரைசிங்கம். அவள் கணவருக்குத் தம்பி முறை. நூற்றுப் பதினெட்டாவது படுக்கையை இருவரும் இழுத்து வெளியே எடுத்தார்கள். எடுத்த கையோடு பின்னால் இருந்த படுக்கைகள் எல்லாம் ஓர் இடம் முன்னால் நகர்ந்து இடைவெளியை அடைத்துக்கொண்டன. வெற்றிடம் இருந்தால் குளிர் வீணாகும் என்பதால் அப்படி அமைத்திருந்தார்கள். பிறகு நினைவு அறைக்குப் போய் நிறைமதியின் சுருளை இருந்த இடத்திலிருந்தே குழாய் போட்டு அவளுக்குள் ஏற்றினார்கள். சுருளிலிருந்து ஏற்றினால் சுருள் காலியாகாது. ஒரு விளக்கில் இன்னொரு விளக்கை ஏற்றுகிற கதைதான்.

"சுருள என்ன செய்ய, மதினி?" என்று கேட்டான் துரைசிங்கம்.

"அது பாட்டுக்கு அங்கனயே கிடக்கட்டும். ஆடியில எல்லாத்தையும் கழுவும்போது கழுவிக்கிடலாம். பிள்ள கண்ண முழிக்கா பாரு!"

நிறைமதி கண் விழித்தாள். அம்மாவைப் பார்த்தாள், கடிதத்தைப் பார்த்தாள், அழுதாள், சிரித்தாள். குளிர்ரயிலேறி மேல்மலைக்குப் போனாள். இடமும் கிடைத்துவிட்டது! சந்தனமாரிக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பா எழுந்ததும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன் என்று மகள் திரும்பி வந்து கூடத்திலேயே காத்திருந்தாள். அப்பா கோமதிநாயகம் கூடத்தின் குளிர்ப்பொறி மெக்கானிக். ஊர் முழுவதும் படுத்த பிறகு கூடத்து ஆட்கள் படுப்பார்கள், அவர்களிலும் கடைசியாக அவர் படுப்பார். மேற்குச் சிறகின் கடைக்கோடிப் படுக்கை எந்த வருஷமும் அவருடையதுதான்.

ஆடி மழை விழுந்தது. எழுப்பியைத் தட்டினார்கள்.

முன்னால் படுத்திருந்தவர்கள் எழுந்தார்கள், சோம்பல் முறித்தார்கள், கஞ்சி எங்கே என்று கேட்டார்கள். எப்போதும் போலத்தான். பிறகு, நிறைமதிக்கு அடுத்துப் படுத்திருந்த அய்யாத்துரை எழுந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அறுபத்துச் சொச்சம், முறுக்கு மீசை. எழுந்தவர் தன் கைகளைப் பார்த்தார். மீசையைத் தொட்டார். "வீல்" என்று ஒரு சத்தம்.

"அம்மா! அம்மா, எனக்கு என்னம்மா ஆச்சு?"

அவர் ஓடிவந்து கட்டிக்கொண்டது சந்தனமாரியை. அவளுக்குப் பக்கத்தில் நின்ற நிறைமதியின் முகம் வெளுத்துவிட்டது. அய்யாத்துரை அவளைப் பார்த்தார், தன்னையே பார்ப்பதுபோல. பார்த்தது தன்னையேதான்.

அதற்குள் வரிசை நெடுகிலும் அலறல். அய்யாத்துரையின் பெண்டாட்டி முத்துப்பேச்சி எழுந்து, கட்டைக் குரலெடுத்து, "ஏய், எவண்டா என் உடம்ப எடுத்தது?" என்று கத்தினாள். அது அய்யாத்துரை. முத்துப்பேச்சியோ அடுத்துப் படுத்திருந்த கபடிக்காரப் பையனின் உடம்பில் எழுந்து, இல்லாத சேலையைத் தேடி நெஞ்சை மூடிக்கொண்டு குறுகி நின்றாள். கபடிக்காரப் பையன் அவனுடைய அம்மாவாக எழுந்தான். குடும்பம் குடும்பமாகத்தானே படுப்பார்கள்? மாமியார் மருமகளுக்குள் கிடந்தாள், அண்ணன் தங்கைக்குள் கிடந்தான். நிறைமதிக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரும் ஓர் இடம் தள்ளி விழித்திருந்தார்கள்.

 என்ன நடந்தது என்று அந்த நிமிஷமே சந்தனமாரிக்குப் புரிந்துவிட்டது. உடல் வரிசையில் ஒன்றை எடுத்தோம், நினைவு வரிசையில் எடுக்கவில்லை. மகளின் இடத்துக்கு அய்யாத்துரை நகர்ந்து வந்தார், மகளின் சுருள் அங்கேயே அவருக்காகக் காத்திருந்தது.

கடைக்கோடிக்கு ஓடினாள். கோமதிநாயகம் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க," என்றாள். "என்னங்க, நான்தான்."

அவர் மலங்க மலங்க விழித்தார். "அக்கா," என்றார், "எனக்கு ஏங்க்கா குரல் இப்படி இருக்கு?"

கூடத்துச் சமையற்காரி செல்லக்கனி. அவருக்கு முந்தின படுக்கைக்காரி.

நினைவு வரிசையின் கடைசியில் ஒரே ஒரு சுருள் மட்டும் கழுவப்படாமல் மினுங்கிக்கொண்டிருந்தது. அதை அழைக்க அங்கே உடம்பு இல்லை.

பெரிய விசாரணை நடந்தது. பெரியவரின் பெயர் வெளியே வரவில்லை, ஜெயசீலனுக்கு ஒன்றும் தெரியவில்லை, பொறிக் கோளாறு என்று எழுதி முடித்தார்கள். சரிசெய்ய வழி இருந்தது. ஓர் உடம்பை வருஷத்துக்கு ஒரு தரம்தான் குளிரில் ஏற்றலாம். ஆகவே அடுத்த கோடைத் துயிலில் ஒவ்வொருவர் நினைவையும் அவரவர் உடம்பில் இறக்கிவிடலாம். ஆனால் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் தன் உடம்புக்குத் திரும்ப, அதில் இருப்பவர் காலி செய்ய வேண்டும். அவர் காலி செய்ய, அடுத்தவர் எழுந்துகொள்ள வேண்டும். ஒருவர் மாட்டேன் என்றால் மொத்தமும் நின்றுவிடும். அய்யாத்துரைக்குள் இருந்த மகளுக்கு மட்டும் திரும்ப உடம்பு இல்லை, அவளுக்கு அப்புறம் வழி பார்க்கலாம் என்று வாயால் சொன்னார்கள்.

மகள்கள் இருவரும் கூடத்து வாசலில் எதிரெதிரே நின்றார்கள். இடம் கிடைத்தவள் ஒருத்தி, கிடைத்ததே தெரியாதவள் ஒருத்தி.

"ராப்பகலா படிச்சது நானும்தான்," என்றாள் அய்யாத்துரை உடம்பில் இருந்தவள், கரகரத்த குரலில். "இன்டர்வியூவுக்குப் போனது மட்டும் நீ."

மற்றவள் பெட்டியை எடுத்தாள். அம்மாவிடம் வந்து, "நான் போகட்டுமா, இருக்கட்டுமா?" என்று கேட்டாள். சந்தனமாரி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் இரண்டாக இருக்கிறாள், இவள் அப்பா ஒன்றாகக்கூட இல்லையே என்று ஒரு எண்ணம் ஓடிய நேரம் அது. மகள் அந்தப் பார்வையைக் கண்டுகொண்டாள்போல. சட்டென்று குனிந்து காலைத் தொட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ரயிலுக்கு நடந்தாள்.

குழப்பம் வேண்டாம் என்று மலைக்குப் போனவளை நிறை என்றும், வீட்டில் இருந்தவளை மதி என்றும் சந்தனமாரி கூப்பிடத் தொடங்கினாள். மதி முதல் வேலையாக அந்த மீசையை மழித்தாள். விஷயம் தெரிந்து அய்யாத்துரை, பெண்டாட்டியின் உடம்பில், முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்து சேர்ந்தார்.

"நாப்பது வருஷ மீசைத்தா அது! என் உடம்ப என்ன கோலத்துல வச்சிருக்கா பாரு! நேரத்துக்கு இருமல் மருந்தாவது குடிக்காளா?"

"குடிக்கேன் தாத்தா," என்றாள் மதி. "நீங்க பீடியக் குடிக்காம இருந்திருந்தா எனக்கு இந்த இருமலே இருக்காது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அழுகை வந்தது.

சந்தனமாரி கையெழுத்துக்காக வீடு வீடாக நடையாய் நடந்தாள். முதலில் எல்லோரும் போட்டார்கள். யாருக்குத்தான் தன் உடம்பு வேண்டாம்? கடைசியில் ஒரே ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. முத்துப்பேச்சி. கபடிக்காரப் பையனின் உடம்பில் அவள் வயல் வரப்பில் ஓடிக்கொண்டிருந்தாள். வேலையாக ஓடவில்லை, சும்மா, ஓடுவதற்காக ஓடினாள்.

"வரமாட்டேன் தாயி," என்றாள் மூச்சு வாங்காமல். "பத்து வருஷமா கக்கூசுக்குக்கூட சுவரப் பிடிச்சிட்டுப் போனவ நான். இப்ப ஓடுதேன். என்னையத் திரும்ப அந்த முட்டிக்குள்ள போகச் சொல்லுதியா?"

"அந்தப் பையன் உடம்பு அத்தை இது."

"தெரியும். நான் திருடலியே? கண்ண முழிச்சேன், இதுல இருந்தேன். உன் மகளுக்காக நீ செஞ்சதுதான?"

சந்தனமாரி காலைப் பிடித்துக் கெஞ்சினாள். அய்யாத்துரை வந்து கெஞ்சினார். பையன், அவன் அம்மாவின் முகத்தோடு வந்து கும்பிட்டான். முத்துப்பேச்சியும் அழுதாள், அழுதாலும் கையெழுத்துப் போடவில்லை.

தினமும் கூடத்துச் சமையலறையைத் தாண்டித்தான் சந்தனமாரி போக வேண்டும். உள்ளே கணவரின் கை கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருக்கும். இடது கையில் ஸ்பேனர் நசுக்கிய தழும்பு, அவள்தான் அதற்கு மருந்து போட்டவள். "அக்கா, சாப்பிட்டீகளா?" என்று அந்த வாய் கேட்கும். சாயந்திரம் அந்த உடம்பு செல்லக்கனியின் புருஷன் வீட்டுக்குப் போகும். அவனும் பாவம், வாசலிலேயே பாய் போட்டுக்கொள்கிறான் என்று கேள்வி. சந்தனமாரி அலுவலக அலமாரிக்குப் போய், வெதுவெதுப்பாக வைத்திருந்த சுருளைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். அதற்குள் அவர் இருந்தார். கூப்பிட்டால் கேட்காது, அவ்வளவுதான்.

மதிதான் அவளைத் தாங்கினாள். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அந்தக் கிழட்டு உடம்பை வைத்துக்கொண்டு துணி துவைத்தாள், சமைத்தாள், அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள். தெருப்பிள்ளைகள் கேலி செய்தால் தானும் சேர்ந்து சிரித்தாள். மேல்மலையிலிருந்து நிறை கூப்பிட்டால் முதலில் பேச மறுத்தாள். பிறகு இரண்டு வார்த்தை. பிறகு மணிக்கணக்கில். அம்மாவிடம் சொல்லாததையெல்லாம் இருவரும் பேசிக்கொண்டார்கள். நிறை அங்கே படித்த பாடத்தை இங்கே சொல்லிக் கொடுத்தாள். ஒருத்திக்குத் தொண்டை கட்டினால் மற்றவளுக்குச் சோறு இறங்காது. "அவகூடப் பேசினா மட்டும்தாம்மா நான் நானா இருக்கேன்," என்று மதி ஒருநாள் சொன்னாள். சந்தனமாரி அப்போது காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

பங்குனி வந்தது. ஜெயசீலன் கூப்பிட்டு அனுப்பினார்.

"கையெழுத்து சேரல. அதிகாரபூர்வமா ஒண்ணும் செய்ய முடியாது. உங்க வீட்டுக்காரர் சுருள் இன்னொரு கோடை தாங்காது. அதையும் சொல்லிரணும்ல." எழுந்து கதவைச் சாத்தினார். "எல்லாரும் போன வருஷ வரிசையிலதான் படுக்காக. உங்க மகளோட ரெண்டாவது, அதான் அந்தப் பெரியவர் உடம்புல இருக்குற பிள்ள, நூத்திப் பதினெட்டு. இல்லியா?"

"ஆமா சார்."

"நினைவு வரிசையில அந்த ஒரு சுருள் இல்லன்னு வைங்க. பின்னால உள்ளது எல்லாம் ஒரு இடம் முன்னால வரும். கிழவர் கிழவருக்கு, கிழவி கிழவிக்கு, பையன் பையனுக்கு. சமையக்காரி வரைக்கும் சரியாப் போயிரும். கடைசியில ஓர் இடம் காலியாகும்." அவர் அலமாரியைப் பார்த்தார். "நான் ஒண்ணும் சொல்லல. ஆனா யோசிச்சுப் பாருங்க. மேல்மலையில ஒரு மக இருக்கா. உங்களுக்கு ரெண்டு மக எப்பவும் இருந்ததில்லையே?"

சந்தனமாரி வெளியே வந்தாள். கணக்கு எங்கேயாவது இடிக்காதா என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். இடிக்கவில்லை. ஒரே ஒரு சுருளை எடுத்தால் ஒரு சிறகு சனம் வீடு திரும்பும். அவர் திரும்புவார். யாரும் சாகவும் மாட்டார்கள். நிறைமதிதான் மலையில் இருக்கிறாளே, மேலே படித்துக்கொண்டு, பன்னிரண்டு மாதமும் விழித்துக்கொண்டு!

படுக்கிற நாள் வந்தது. மதி வரிசையில் நின்று வந்தாள். இருமிக்கொண்டே படுக்கையில் ஏறி, காலை நீட்டினாள்.

"முத்துப்பேச்சிப் பாட்டி அடுத்த வருஷமாவது மனசு மாறுவாகளாம்மா?"

"மாறுவாக."

"மாறாட்டியும் பரவாயில்ல. பழகிப்போச்சு." அம்மாவின் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சொரசொரப்பான கன்னம். "ஆடியில எழுந்ததும் நிறைக்கிட்ட முத ஆளா பேசணும். பரீட்சை எப்படி எழுதினான்னு கேக்கணும். ஞாபகப்படுத்தும்மா."

"சரித்தா."

நினைவு சுருளில் இறங்கியது. கண்கள் மூடின. மூடி இறங்கியது.

சித்திரையில் ஒரு மத்தியானம் சந்தனமாரி தனியாக நினைவு அறைக்குப் போனாள். துரைசிங்கத்தைக் கூப்பிடவில்லை. பழுதுக் கதவைத் திறந்தாள். மேற்கு, நினைவு, நூற்றுப் பதினெட்டு. சுருள் கைக்குள் வந்தபோது சூடாக இருந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றி இருக்குமே, அந்தச் சூடு. வரிசை சரசரவென்று ஓர் இடம் முன்னால் நகர்ந்தது. கடைசியில் காலியான இடத்தில் கணவரின் சுருளை வைத்தாள். இரண்டு வரிசைகளும் ஒரே நீளத்தில் நின்றன. கையில் இருந்ததை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒளித்து வைக்கலாமா? வைத்தால் யாருக்குள் ஊற்றுவது? எத்தனை கோடைக்கு வைத்திருப்பது? எந்த உடம்பிலாவது இடம் பார்க்க வேண்டும். அப்படி நினைத்த உடனே, தூங்குகிற சனங்களில் யாருக்கு வாரிசு இல்லை என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்ததைக் கண்டு அவளுக்கே பயம் வந்துவிட்டது. கழுவுதொட்டியில் போட்டாள். தண்ணீர் ஒரு நிமிஷம் பால்போல ஆகி, அப்புறம் தெளிந்துவிட்டது. அவள் அங்கேயே உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். கேட்க ஆளில்லை, மாவட்டமே தூங்கிக்கொண்டிருந்தது.

ஆடியில் எல்லோரும் எழுந்தார்கள். அய்யாத்துரை முகத்தைத் தடவிப் பார்த்து, "மீசையத்தான் காணும், மத்ததெல்லாம் என்னுதுதான்!" என்று கூத்தாடினார். தாயும் மகனும் கட்டிக்கொண்டு அழுதார்கள். முத்துப்பேச்சி மட்டும் எழுந்திருக்க முயன்று, முட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சந்தனமாரியைத் தேடிப் பார்த்தாள். "ஒரு வருஷம் நல்லா ஓடினேன் தாயி," என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கடைக்கோடியில் கோமதிநாயகம் எழுந்தார். "மாரி," என்றார். ஒரு வருஷமாக அவளை அப்படிக் கூப்பிட ஆளில்லை. அவள் விழுந்தடித்துக்கொண்டு போய் அவர் நெஞ்சில் சாய்ந்தாள்.

"ஏன் அழுத? பிள்ள எங்க?"

"மேல்மலையில படிக்கா. இடம் கிடைச்சிட்டுங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.  ஜெயசீலன் வந்து இரண்டு வரிசைகளையும் சரிபார்த்தார். ஓர் ஆள் குறையவில்லை, ஓர் ஆள் கூடவில்லை. கோளாறு தானாகவே சரியாகிவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சாயந்திரம் மேல்மலையிலிருந்து கூப்பிட்டாள் மகள். அப்பாவைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள். அவரும் விட்ட வருஷத்தையெல்லாம் ஒரே மூச்சில் கேட்டார். பேசி முடித்து அவர் காப்பி போடப் போன பிறகு, "மதியக் கூப்பிடும்மா," என்றாள். "பரீட்சை பத்திச் சொல்லணும்."

சந்தனமாரி திரையைப் பார்க்காமல் நின்றாள்.

"அம்மா? மதி இன்னும் எழுந்திருக்கலியா?"

"அப்பா வந்துட்டாகல்லத்தா," என்றாள் சந்தனமாரி. "எல்லாரும் அவுகவுக உடம்புக்கு வந்துட்டாக. நீதான் இருக்கியே. நீயும் அவளும் ஒண்ணுதான?"

திரையில் அந்த முகம் அவளையே பார்த்தது. சந்தனமாரி பெற்ற முகம். ரயிலடிக்குப் போகுமுன் ஒரு பார்வையைக் கண்டு சட்டென்று குனிந்துகொண்ட முகம். இப்போது அது குனியவில்லை.

"ஒண்ணுதாம்மா," என்றாள் நிறைமதி மெதுவாக. "அதனாலதான் கேக்கேன். என்னைய எதுக்கும்மா எடுத்துப் போட்ட?"

சமையலறையிலிருந்து கோமதிநாயகம் சர்க்கரை எங்கே இருக்கிறது என்று கேட்டார். சந்தனமாரி திரும்பிப் பதில் சொல்வதற்குள் திரை அணைந்துவிட்டது. அதற்குப் பிறகு மேல்மலையிலிருந்து அழைப்பு வரவில்லை.